துடக்கு நாளில் நாலு கிண்ணம்

முதல் கிண்ணம் மேசைக்கு வந்தபோது மணி பத்து இருபது. ஜெயந்தினி கரண்டியைத் தொடவில்லை. முகத்தை மட்டும் ஆவிக்கு மேலே கொண்டுபோனாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

அன்னாசிப்பூ. கறுவாப்பட்டை. அதற்கு அடியில் கோழி. வேறு ஒன்றும் இல்லை. இல்லையா, இருந்தும் அவள் மூக்குக்குப் பிடிபடவில்லையா?

வாயில் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் வைக்கலாமா?

அப்பா மகாலிங்கம் செத்து இன்றோடு பதினைந்து நாள். கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் காம்பராவில் துடக்கு, சாவுத் தீட்டு. மீன் வாசம்கூட உள்ளே வரக்கூடாது என்று, இருந்த கருவாட்டுப் பொட்டலத்தை அம்மா அடுத்த லயத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நாளைக் காலை கருமாதி. அதுவரைக்கும் பருப்பும் பூசணிக்காயும்தான். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டின் மூத்த மகள் நுவரெலியாவில், வாவியைப் பார்த்த கண்ணாடிச் சன்னலோரம், கோழி சூப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். யாராவது பார்த்தால்?

பார்த்தால் பார்க்கட்டும். அவள் சாப்பிட வரவில்லை. ஆள் தேடி வந்திருக்கிறாள். தம்பி வினோஜனை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவும் தம்பியும் கொழும்பில் ஒரே வியட்நாம் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார்கள். அவள் மேசைப் பக்கம், அவன் அடுப்புப் பக்கம். அந்தக் கடைக்குக் கூட்டம் வந்ததே ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்புக்காகத்தான். அதிலும் வினோஜன் கை வைத்த ஃபோவுக்காக. எலும்பை ராத்திரி பூராவும் சிறுதீயில் கொதிக்க வைத்து, நுரையை அள்ளி அள்ளிக் கொட்டி, தண்ணீர் மாதிரித் தெளிவாக இறக்குவான். அதில் போடுகிற இஞ்சியையும் வெங்காயத்தையும் எல்லாரும் காஸ் அடுப்பில் சுடுவார்கள். அவன் மட்டும் தேயிலைக் குச்சியில் சுடுவான். கவ்வாத்து என்று செடிகளைக் கழித்துவிட்ட மலையில் கிடக்கிற காய்ந்த குச்சி. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு போவான். "பைத்தியமா உனக்கு?" என்று திட்டிய முதலாளியம்மா, ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகு, "அடுத்த தடவை ரெண்டு சாக்கு கொண்டுவா" என்றாள்.

எல்லாம் நல்லாத்தான் போனது. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், பெருமை பிடிபடாமல் அப்பாவிடம் வாயை விட்டான்.

"மாட்டெலும்ப பன்னெண்டு மணி நேரம் கொதிக்க விடுவோம்ப்பா. அப்பத்தான் சாறு எறங்கும்."

அப்பா கையில் மகன் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி இருந்தது. அதை அப்படியே கீழே வைத்தார். "மாட்டெலும்பு கிண்டுற கையால எனக்குப் பச்சத் தண்ணிகூட வேணாம். நான் செத்தா கொள்ளிக்குடத்தையும் நீ தூக்க வேணாம்" என்றார்.

அன்று சாயந்தரமே வினோஜன் கிளம்பிவிட்டான். கொழும்பு வேலையையும் விட்டான். போன் நம்பரையும் மாற்றினான். அப்பா செத்த அன்றைக்குக் கொள்ளிக்குடத்தைத் தூக்கியது சித்தப்பா மகன்.

அது நடந்து முடிந்தது. இப்போது பிரச்சினை நாளைக் காலைதான். கருமாதியில் ஆத்தங்கரையில் வைத்து, தாய்மாமன் கொண்டுவருகிற துணியை மூத்த மகன் தலையில் உருமாவாகக் கட்ட வேண்டும்.

"ஏழு மணிக்கு அவன் ஆத்தங்கரையில நிக்கணும். இல்லன்னா என் மகன் தலையில கட்டிருவோம். ஐயரு யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்க மாட்டாரு" என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு அம்மா ஜெகதீஸ்வரி அழவில்லை. ஜெயந்தினியை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கிற பிள்ளைய விட்டுட்டு இன்னொருத்தன் தலையில கட்டுனா, எம் பிள்ளையையும் சேத்துப் பொதச்ச மாதிரிதானடி? எங்கயாச்சும் தேடிப் புடி."

எங்கே என்று தேட? நேற்று ராத்திரி வேன் ஓட்டும் பொன்னையா வந்து ஒரு துப்புக் கொடுத்தான். "நுவரெலியா மார்க்கட்ல பாத்தேன். ஒரு கிலோ இஞ்சி, கை நெறைய அன்னாசிப்பூ. பேரச் சொல்லிக் கூப்ட்டேன். ஓடிட்டான்."

இஞ்சியும் அன்னாசிப்பூவும் வாங்கினால் ஃபோ போடுகிறான். போனில் தட்டிப் பார்த்தாள். நுவரெலியாவில் ஃபோ போடுகிற கடை நாலு.

காலையில் பஸ் ஏறும்போது அம்மா இன்னொன்றும் சொன்னாள். "அப்பா கடைசியா உம் பேரத்தான் சொன்னாருன்னு சொல்லு. வந்துருவான்."

"அவரு அப்படிச் சொல்லலயேம்மா."

"சொல்லு. பாவமில்ல."

இப்போது முதல் கடை. பணியாளைக் கூப்பிட்டு, "உள்ள சமையல்ல வினோஜன்னு ஒருத்தர் இருக்காரா?" என்று கேட்டாள்.

"ஸ்டாஃப் பத்தி வெளியில சொல்றதில்ல மிஸ்" என்றான் அவன், மேசையைத் துடைத்துக்கொண்டே.

ஆக, நாக்கைத்தான் நம்ப வேண்டும். ஜெயந்தினி கரண்டியை எடுத்தாள். 'அப்பா, மன்னிச்சிருங்க.' ஒரு வாய்.

உப்பு! கடையில் விற்கிற சூப்புக் கட்டியைக் கரைத்து ஊற்றிய சூப்பு. எலும்பைக் கண்ணால் பார்த்த சூப்பே இல்லை. வினோஜன் இந்த அடுப்படியில் நின்றிருந்தால் பானையை எட்டி உதைத்திருப்பான். அவள் எழுந்து நடந்தாள். பதினைந்து நாள் விரதம் ஒரு கேவலமான சூப்புக்காகப் போச்சே என்ற எரிச்சல்தான் பாவத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டாவது கடை ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. படத்தில் ஃபோ. கிண்ணத்தில் மஞ்சள் முட்டை நூடுல்ஸ், கறுப்பு சோயா, மேலே ஒரு முழுக் கோழிக்கால். இதைக் குடித்துப் பார்க்கவே வேண்டியதில்லை. பால் வெள்ளை அரிசி நூடுல்ஸ் இல்லாத இடத்தில் அவன் இருக்க மாட்டான். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் போன நேரத்தில்...

"அடியே ஜெயந்தி!"

கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது நாகலெட்சுமி. அடுத்த லயம். கருவாட்டுப் பொட்டலம் போய்ச் சேர்ந்ததே இவள் வீட்டுக்குத்தான். அவளுடைய கண் ஜெயந்தினி முகத்தில் ஒரு நொடி, கோழிக்காலில் மூன்று நொடி நின்றது.

"இங்க என்னடி பண்ற?"

"தம்பியத் தேடி வந்தேங்க்கா."

"கிண்ணத்துக்குள்ளயா?"

"இல்லக்கா, நான் வந்து..."

"அப்பன் குழி மண்ணு இன்னும் காயலயேடி! எனக்கென்ன, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையில் போனைத் தேட ஆரம்பித்தாள் நாகலெட்சுமி.

ஜெயந்தினி வெளியே பாய்ந்தாள். மணி பன்னிரண்டு. கொட்டகலை வழியாக ஹட்டன் போகிற மூணே முக்கால் பஸ்ஸை விட்டால் விடிகாலைக் காரியத்துக்கு ஒன்றும் ஒழுங்கு பண்ண முடியாது. தலைமுடி இறக்க வேண்டும், வேட்டி வேண்டும், சித்தப்பா வாயை அடைக்க வேண்டும். அதற்கெல்லாம் முதலில் ஆள் வேண்டும்! மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தால் காற்று திருப்பிப் போட்டது. நனைந்துகொண்டே ஓடினாள்.

மூன்றாவது கடை ஒரு பழைய வீட்டின் முன்னறை. நாலே மேசை. உள்ளே போனதும் கால் நின்றுவிட்டது.

அந்த வாசனை! கொழும்புக் கடையை விட்ட பிறகு இரண்டு வருஷமாக அவள் மூக்குக்குக் கிடைக்காத வாசனை. வறுத்த கொத்தமல்லி, கிராம்பு, நாள் முழுக்கக் கொதித்த கோழி எலும்பு. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தது ஒரு வியட்நாம் அம்மா. இந்த ஊர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தவளாம். சூப்பு அடியில் கிடந்த நூடுல்ஸை எண்ணிவிடலாம் போலத் தெளிவு. மேலே துளசி மாதிரி ஓர் இலை, பொடியாக வெட்டிய நுவரெலியா லீக்ஸ், பச்சை மிளகாய், அரைத் தேசிக்காய்.

ஒரு வாய் வைத்தாள். சூடு தொண்டையில் இறங்கி, நனைந்த தோள் வரைக்கும் பரவியது. முதலில் இனிப்பு, பிறகு உப்பு, கடைசியில் எங்கிருந்தோ மெல்ல ஒரு காரம். இரண்டாவது வாய். மூன்றாவது. தேசிக்காயைப் பிழிந்தாள். நூடுல்ஸைச் சுருட்டி உறிஞ்சினாள். பதினைந்து நாளாக உடம்புக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கிண்ணத்தின் அடி தெரிந்தபோதுதான் சுரீர் என்று உறைத்தது. குடித்தது எதற்கு? தேடி வந்தது எதை?

தேயிலைக் குச்சிப் புகை இல்லை. இந்தச் சூப்பு நல்ல சூப்பு. ஆனால் அவனுடையது இல்லை.

ஜெயந்தினிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கண் கலங்கியது. அந்த அம்மா பதறிப்போய், உடைந்த சிங்களத்தில், "என்ன தங்கச்சி, காரமா?" என்று கேட்டாள்.

ஜெயந்தினியும் சிங்களத்திலேயே கொட்டித் தீர்த்தாள். தம்பி, ஃபோ, தேயிலைக் குச்சி, நாளைக்குக் கருமாதி. தேயிலைக் குச்சி என்றதும் அந்த அம்மா கையைத் தட்டிச் சிரித்தாள்.

"சாக்குப் பையன்! போன மாசம் வந்தான். வேலை கேட்டான். சாக்கு நிறைய விறகு. நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் ஆஸ்துமாக்காரர், புகை கூடாது. இங்கே காஸ் மட்டும்தான்னு. கோவிச்சுக்கிட்டான். சந்தைக்குப் பின்னால், மாடியில் ஒரு கடை. அங்கே போயிருப்பான்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம் தெரியாது. ஆனால் அந்தக் கடை மாடிக்கு மேலே இப்போ தினமும் புகை வருது."

நாலாவது கடையின் படிக்கட்டில் ஏறும்போது மணி ஒன்றே முக்கால். மாடியில் ஆறு மேசை. நாலில் வெள்ளைக்காரர்கள். ஒரு பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். சட்டையில் சுலக்ஷனா என்று பெயர் குத்தியிருந்தது.

"தங்கச்சி, உள்ள வினோஜன் இருக்கானா?"

"அப்படி யாரும் இல்லக்கா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் ஜெயந்தினிக்குச் சந்தேகம். பேச்சை மாற்றினாள்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"டிக்கோயா. நீங்க?"

"கொட்டகலை."

சுலக்ஷனாவின் கண் சட்டென்று சமையலறைத் திரைப் பக்கம் போய்த் திரும்பியது. "இல்லக்கா. இங்க வினோஜன்னு யாரும் இல்ல. சாப்பிடுறதுன்னா உக்காருங்க."

"ஃபோ. கோழி."

"கோழி முடிஞ்சிருச்சு. மாடு மட்டும்தான் இருக்கு."

ஜெயந்தினி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மாடு. கொழும்பில் மூன்று வருஷம் தினமும் அம்பது கிண்ணம் தூக்கியிருக்கிறாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. கோழியில் மட்டும்தான் அவள் தம்பியின் கைப்பக்குவத்தைத் தெரிந்துவைத்திருந்தாள். எந்தச் சூப்புக்காக அப்பா மகனைத் துரத்தினாரோ, அதே சூப்பு. அதுவும் அப்பாவின் துடக்கில்! திரைக்குள் பாய்ந்து பார்த்துவிடலாமா? அவன் இல்லாவிட்டால் அவமானம். இருந்தால் பின்படி வழியாக ஓடிவிடுவான். மார்க்கட்டில் ஓடினவன்தானே? அவன்தான் என்று தெரிந்துகொண்டு, ஓட முடியாத மாதிரிப் பிடிக்க வேண்டும்.

"மாடே கொண்டு வாங்க" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கிண்ணம் வந்தது. கண்ணை மூடவில்லை. சாமியையும் கூப்பிடவில்லை. கரண்டியை முக்கி எடுத்து வாயில் வைத்தாள்.

கொழுப்பு நாக்கில் வழுக்கியது. அன்னாசிப்பூ வந்தது, போனது. கறுவா வந்தது, போனது. எல்லாம் போன பிறகு, தொண்டையின் அடியில், மெல்ல எழும்பியது லயத்து அடுப்புப் புகை. மழை நாளில் ஈரக் குச்சியை ஊதி ஊதிப் பற்ற வைக்கும்போது அம்மாவின் முந்தானையில் ஏறுமே, அதே புகை.

அவன்தான்!

கரண்டியைப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். "அக்கா, சாப்பிடலயா?" என்று சுலக்ஷனா பின்னால் கத்தினாள். ஜெயந்தினி கட்டடத்தைச் சுற்றி ஓடி, பின்படியில் ஏறி, அடுப்படிக் கதவைத் தள்ளினாள்.

குச்சி அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு இஞ்சியைப் புரட்டிக்கொண்டிருந்தான் வினோஜன். இளைத்திருந்தான். தாடி. நிமிர்ந்தான். அவன் கண் அவளைத் தாண்டிக் கதவைத்தான் பார்த்தது. கதவில் அவள் நின்றாள்.

"ஓடுவியா?" என்றாள்.

"அவரு அனுப்பினாரா?"

"அப்பா செத்துட்டாருடா."

இஞ்சி தீயில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"எப்ப?"

"இன்னையோட பதினஞ்சு நாள். மலையிலருந்து வந்தாரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"எந்த நம்பருக்குடா சொல்ல?"

இஞ்சி கருகிப் புகைந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "என்னயப் பத்தி எதாச்சும் சொன்னாரா?"

இந்தக் கேள்விக்கான பதில் காலையிலிருந்து அவள் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. ஒரே வரி. சொன்னால் வந்துவிடுவான். அம்மா சொன்ன மாதிரி, பாவமுமில்லை. ஜெயந்தினி வாயைத் திறந்தாள்.

"இல்லடா. ஒண்ணும் சொல்லல. பேச நேரமே இல்ல."

"ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மா சொல்லத்தான் சொன்னாங்க."

அவன் சிரிப்பது போல மூச்சை விட்டான். அவள் உருமா விஷயத்தைச் சொன்னாள். ஏழு மணி, ஆத்தங்கரை, சித்தப்பா மகன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"வேணாம்க்கா. கொள்ளிக்குடத்தயே தூக்காதன்னு சொன்ன மனுசன். அந்தப் பேச்சத் திரும்ப எடுத்துக்காமயே போய்ச் சேந்துட்டாரு. நான் போய் உருமா கட்டிக்கிட்டு நின்னா, செத்தவர் மூஞ்சியில அடிக்கிற மாதிரி. இந்தக் கை இன்னைக்கும் மாட்டெலும்புதான் கிண்டுது, பாத்தியா?"

"பாத்தேன். குடிச்சும் பாத்தேன்."

"என்னது?"

"உள்ள நீ இல்லன்னு அந்தப் பொண்ணு பொய் சொல்லுச்சு. உன்னயக் கண்டுபுடிக்க வேற வழி இல்ல. கோழி தீந்துருச்சுன்னுச்சு. மாட்டக் குடிச்சேன்."

வினோஜன் மெதுவாக எழுந்தான். "துடக்குலயா?"

"துடக்குலதான். நாலு கடை ஏறி, மூணுல. ஒண்ணுல நூடுல்ஸையும் சேத்து முழுசா. நாகலெட்சுமி அக்கா பாத்துருச்சு. இந்நேரம் தோட்டம் பூராத் தெரிஞ்சிருக்கும்."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? சித்தப்பா உன்ன ஆத்தங்கரைப் பக்கமே விட மாட்டாரு!"

"விடலன்னா ரோட்டுல நிக்கிறேன். நீயும் வந்து நில்லு. ஒரு ஆளா நிக்கிறதுக்கு ரெண்டு ஆளா நிப்போம்." அவள் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்தாள். "அப்பா பேச்சு முடிஞ்சு போச்சுடா. அம்மா இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

திரையை விலக்கிக்கொண்டு சுலக்ஷனா எட்டிப் பார்த்தாள். "வினோ அண்ணா, மூணு ஃபோ! வெள்ளைக்காரங்க ரெண்டு தடவ கேட்டுட்டாங்க!" என்று கத்தியவள் ஜெயந்தினியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வினோஜன் பானைப் பக்கம் திரும்பினான். நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுத்தான். இறைச்சியைக் காகிதம் மாதிரிச் சீவினான். மூன்று கிண்ணம் வரிசையாகச் சூப்பால் நிறைந்தன. ஜெயந்தினி கேட்காமலே ஒரு தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போய்ச் சரியான மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பழைய பழக்கம். திரும்பி வந்தபோது அவன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"பஸ் எத்தன மணிக்கு?"

"மூணே முக்கால்."

"ஆத்தங்கரை வரைக்கும் வருவேன்னு சொல்லல. பஸ்ஸுல வரேன். அவ்வளவுதான்."

பஸ்ஸிலும் அவன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானுஓயா வந்ததும் கதவுப் பக்கம் நகர்ந்தான். "இங்கயே எறங்கிக்கிறேன்க்கா." பஸ் கிளம்பியது, அவன் இறங்கவில்லை. லிந்துலையில் ஒரு காலைப் படியில் வைத்தேவிட்டான். கண்டக்டர், "தம்பி, ஏறுறீங்களா எறங்குறீங்களா?" என்று அதட்டியபோதுதான் பின்வாங்கினான்.

போன் அடித்தது. அம்மா.

"ஜெயந்தி, நாகலெட்சுமி வந்து என்னென்னமோ சொல்றா. நீ எங்கயோ உக்காந்து கோழி..."

ஜெயந்தினி போனைத் தம்பி காதில் வைத்தாள். அவன் தலையைப் பின்னால் இழுத்தான். அவள் விடவில்லை.

"அம்மா" என்றான்.

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"எங்கடா இருக்க?" ஜெயந்தினிக்கும் கேட்டது.

"பஸ்ஸுல."

"நின்னுக்கிட்டா வர்ற?"

"ம்."

"உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.

தலவாக்கலையில் பாதி பஸ் இறங்கி, மறுபாதி ஏறியது. வினோஜன் அசையவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன், பத்தனை தாண்டியதும் கேட்டான். "நாளைக்குப் படையலுக்கு யாரு சமைக்கிறது?"

"சித்தப்பா எவனையோ புடிச்சிருக்காரு."

"அப்பாவுக்கு வாழக்காப் பொரியல்ல பெருஞ்சீரகம் போட்டா ஆகாது. அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சமைச்சா வேணாம்பாங்கல்ல?"

"வேணாம்னு சொன்னவரு போயிட்டாரு. மத்தவங்க சொல்லட்டும், பாத்துக்கலாம்."

கொட்டகலை கடைத்தெருவில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. முடி வெட்டுகிற கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வினோஜன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து, தலையையும் தாடியையும் காட்டி ஏதோ கெஞ்சினான். பிறகு ஜெயந்தினியைத் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"நிக்காதக்கா. மரக்கறிக் கடையும் மூடிருவான். நல்ல வாழக்கா பாத்து எடு, போ!"